நுழைவு குறைந்தது, தடுத்தது எது? ஓர் எதிர்ப்பொருள் ஆய்வின் நிகழ்வுக் குறிப்பு

பின்னணி

உணவோடு உள்ளே வரும் சால்மொனெல்லா டைஃபிமூரியம் என்ற பாக்டீரியா குடலில் வெறுமனே ஒட்டிக்கொண்டு இருந்துவிடுவதில்லை. கசையிழைகளால் நீந்திக் குடற்சுவர் செல்லின் மேற்பரப்பை அடைகிறது. பிறகு மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்னும் ஊசி போன்ற கருவியால் சிப்-ஏ, சாப்-பி முதலிய புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அவை செல்லின் வடிவத்தைத் தாங்கும் ஆக்டின் இழைகளை மாற்றியமைக்க, செல்சவ்வு அலைபோல் எழும்பிப் பாக்டீரியாவை மூடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற மற்றொரு பாக்டீரியாவின் வழி வேறு. அதன் மேற்பரப்பிலுள்ள இன்டர்னலின்-ஏ என்ற புரதம் செல்லின் ஈ-கேட்ஹெரின் புரதத்தையும், இன்டர்னலின்-பி மெட் என்ற ஏற்பியையும் பிடித்துக்கொள்ளும். செல் தானாகவே அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது.

இந்த வேறுபாடு எதிர்ப்பொருளைத் தேர்வு செய்பவருக்கு முக்கியம். லிஸ்டீரியாவில் பூட்டும் சாவியும் தெளிவாகத் தெரிகின்றன. சாவியை மறைத்தால் போதும். சால்மொனெல்லாவில் நீந்துதல், நெருங்குதல், ஊசி செலுத்துதல் என்று பல படிகள் இருப்பதால், எதிர்ப்பொருள் எந்தப் படியிலும் குறுக்கே நிற்கலாம். நுழைந்தவற்றின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எந்தப் படி என்று தெரியாது.

இங்கே பதிவாகும் நிகழ்வில் மூவர் பங்கேற்றனர்: ஓர் ஆய்வு மாணவி, ஆய்வக உதவியாளர், வழிகாட்டி. அவர்களிடம் இருந்தது சால்மொனெல்லாவின் வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடில் (கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் இணைந்த மூலக்கூறு) உள்ள ஓ5 என்ற சர்க்கரைக் குறியைப் பற்றும் எலி ஐஜிஏ (குடல் போன்ற சளிச்சவ்வுகளில் சுரக்கும் வகை) எதிர்ப்பொருள். ஓ5 என்பது ஓ-சங்கிலி என்ற அந்தச் சர்க்கரைச் சங்கிலியிலுள்ள அபெக்வோஸ் சர்க்கரையில் அசிடைல் தொகுதி சேர்ந்த வடிவம். இதே குறியைப் பற்றும் சால்4 என்ற ஐஜிஏ எலிகளைக் காப்பது 1992-இல் வெளியானது. தங்கள் எதிர்ப்பொருளும் மனிதக் குடற்செல்களுக்குள் பாக்டீரியா நுழைவதைத் தடுக்கிறதா, தடுத்தால் எந்தப் படியில் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

முதல் சுற்று

ஜென்டாமைசின் பாதுகாப்புச் சோதனையைத் தேர்ந்தெடுத்தனர். ஜென்டாமைசின் என்ற பாக்டீரியா கொல்லி மருந்து செல்லுக்குள் எளிதில் புகாது. ஆகவே வெளியே நிற்கும் பாக்டீரியா சாகும், உள்ளே போனவை பிழைக்கும், அவற்றைத் தட்டில் வளர்த்து எண்ணலாம்.

காக்கோ-2 என்ற மனிதக் குடற்செல் வகையை 1.12 சதுர செ.மீ. துளைச்சவ்வுக் கிண்ணங்களில் 21 நாள் வளர்த்தனர். அதற்கு முன்பே எடுத்தால் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்ற வேறுபாடு செல்களில் முழுமையாக உருவாகியிருக்காது. கிண்ணம் ஒன்றுக்குச் சுமார் 5 லட்சம் செல்கள். சோதனைக்கு முந்தைய நாளே பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினர். இதை மறந்தால் மறுநாள் கிடைக்கும் எண்ணிக்கை எதற்கும் உதவாது.

இரவு வளர்ந்த பாக்டீரியாவை 0.3 மோலார் உப்புள்ள எல்பி ஊடகத்தில் 33 மடங்கு நீர்த்து, மெதுவாக அசைத்து 3 மணி நேரம் வளர்த்தனர். உப்பு கூடி, காற்று குறைந்த இந்த நிலையில்தான் நுழைவுக் கருவியின் மரபணுக்கள் நன்றாக இயங்கும். பிறகு மெல்லக் கழுவி, மில்லிலிட்டருக்கு 100 கோடி என்ற அடர்த்திக்குக் கொண்டுவந்தனர். வேகமாகச் சுழற்றிக் கழுவினால் கசையிழைகள் அறுந்துபோகும்.

எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவில் வாங்கப்பட்டது. அதைப் பாக்டீரியாவுடன் சம அளவில் கலந்து, 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, 50 மடங்கு நீர்த்து, கிண்ணத்துக்கு அரை மில்லிலிட்டர் ஊற்றினர். கணக்குப்படி கிண்ணத்துக்கு 50 லட்சம் பாக்டீரியா, அதாவது செல்லுக்குப் பத்து. எல்லாக் கிண்ணங்களிலும் தொற்று ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று தட்டை 200 ஜி விசையில் 5 நிமிடம் மையவிலக்கில் சுழற்றினர். ஒரு மணி நேரத் தொற்று; மூன்று முறை கழுவல்; மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஜென்டாமைசினில் ஒரு மணி நேரம்; மறுபடி கழுவல்; செல்களை உடைக்க 1 மில்லிலிட்டர் 1% டிரைட்டான் எக்ஸ்-100-இல் 10 நிமிடம்; பிறகு தட்டு.

ஒப்பிடுவதற்காக வேறோர் ஐஜிஏ சேர்த்த கட்டுப்பாட்டுக் கிண்ணத்தில் 100 மடங்கு நீர்த்தலிலிருந்து 0.1 மில்லிலிட்டர் பரப்பியதில் 45 காலனிகள். அதாவது 45,000 பாக்டீரியா உள்ளே சென்றிருந்தன, ஊற்றியதில் 0.9%. எதிர்ப்பொருள் சேர்த்த கிண்ணங்களில் இது நூறில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

ஐயம் எழுந்த இடம்

மாணவி மகிழ்ந்தார். அது இயல்பே. வழிகாட்டியை உறுத்தியது வீழ்ச்சியின் அளவுதான். மையவிலக்கால் பாக்டீரியாவைச் செல்மேல் அழுத்தி வைத்த பிறகும், ஓர் எதிர்ப்பொருள் இவ்வளவு முழுமையாகத் தடுப்பது அரிது. எழுதத் தொடங்கும் முன் ஒரு வாரம் கட்டுப்பாடுகளுக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்தனர்.

பாக்டீரியா செத்திருக்குமோ என்பது முதல் கேள்வி. எதிர்ப்பொருளோடு 30 நிமிடம் இருந்தவற்றை நேரடியாகத் தட்டில் பரப்பியபோது எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. சாகவில்லை என்றதும் அந்தக் கேள்வியை மூடிவிட்டனர். அது அவசரம். விடை அங்கேதான் இருந்தது.

உதவியாளர் குப்பியின் தரவுத்தாளை எடுத்துப் படித்தார். சேமிப்புக் கரைசலில், கெடாமல் இருக்கச் சேர்க்கும் நஞ்சான சோடியம் அசைடு 0.09% இருந்தது. கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்திய ஐஜிஏ வேறு இடத்திலிருந்து வந்தது. அதில் அசைடு இல்லை. சம அளவு கலவையில் பாக்டீரியா 30 நிமிடம் 0.045% அசைடில் கிடந்திருக்கிறது. அசைடு இந்தப் பாக்டீரியாவைக் கொல்வதைவிட அதன் இயக்கத்தை அடக்குகிறது. ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறின் உருவாக்கத்தையும் புரதச் சுரப்பையும் முடக்குகிறது. தட்டில் பரப்பும்போது அசைடு நீர்த்துப்போவதால் பாக்டீரியா மீண்டு காலனி ஆகிறது. எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் செல்மேல் விழுந்த நேரத்தில் அது ஆற்றலின்றிக் கிடந்திருக்கும்.

எதிர்ப்பொருளே இல்லாமல் 0.045% அசைடு மட்டும் சேர்த்த கிண்ணத்தில் வீழ்ச்சியின் பெரும்பகுதி அப்படியே வந்தது. ஐயம் தீர்ந்தது.

இரண்டாம் சுற்று: அசைடை நீக்கிய பின்

10 கிலோடால்டன் துளையளவுச் சவ்வுப்பையில் எதிர்ப்பொருளை இட்டு, ஆயிரம் மடங்கு பாஸ்பேட் உப்புக் கரைசலில் மூன்று முறை மாற்றி, அசைடு மட்டும் கசிந்து வெளியேறும்படி குளிரில் ஊறவிட்டனர். கட்டுப்பாட்டு ஐஜிஏவையும் அதே நாளில், அதே கரைசலில் ஊறவைத்தனர். இரண்டுக்கும் ஒரே கரைசல் என்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். இந்த ஆய்வு முழுவதையும் தாங்கியது அதுதான். ஊறலுக்குப் பின் புரதச் செறிவை மறுபடி அளந்தனர். பையில் கொஞ்சம் இழப்பு இல்லாமல் இராது.

இப்போது வீழ்ச்சி சுமார் 4 மடங்கு. ஏமாற்றம்தான், ஆனாலும் ஏதோ இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியா பெரிய திரள்களாக ஒட்டிக் கிடந்தன. ஐஜிஏ இரட்டை மூலக்கூறு. அதன் நான்கு கைகள் பல பாக்டீரியாக்களைப் பிணைக்கும். நூறு பாக்டீரியா ஒரு திரளானால் அது செல்லைத் தொடும் இடங்கள் குறையும். தட்டில் அது ஒரே காலனியாகவும் எண்ணப்படும். இரண்டும் சேர்ந்து "நுழைவு குறைந்தது" என்ற தோற்றத்தைத் தரும்.

இங்கே அடர்த்தி பற்றிச் சொல்ல வேண்டும். திரள்வதற்குப் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று மோத வேண்டும். கலவையில் இருந்த 50 கோடி அடர்த்தியில் மோதல் அடிக்கடி நிகழும். உணவு வழித் தொற்றின் தொடக்கத்தில் குடலில் நோய்க்கிருமியின் அடர்த்தி அதைவிட மிகக் குறைவு. அங்கே இந்த வகைத் திரளல் மிக மெதுவாகவே நடக்கும். குறைந்த அடர்த்தியில் ஐஜிஏ வேறு விதமாக வேலை செய்வதை 2017-இல் நேச்சர் இதழில் வந்த எலி ஆய்வு காட்டியது: பிளந்து பெருகும் பாக்டீரியாவின் சேய்கள் பிரிந்து போகாமல் ஐஜிஏ அவற்றைச் சங்கிலியாகக் கட்டி வைக்கிறது. சோதனைக்குழாயில் 50 கோடியில் கிடைக்கும் திரளைக் குடலின் பாதுகாப்பு என்று எழுதுவது தவறாகியிருக்கும்.

எனவே முன்கலப்பின் அடர்த்தியை மாற்றுவது என்று தீர்மானித்தனர். பாக்டீரியாவை முதலிலேயே மில்லிலிட்டருக்கு 1 கோடிக்கு நீர்த்து, அதில் எதிர்ப்பொருளை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரும்படி சேர்த்து, நீர்க்காமல் அப்படியே கிண்ணத்தில் ஊற்றினர். செல்மேல் இருக்கும் எதிர்ப்பொருள் அளவு முன்பு போலவே. முன்கலப்பின் நெரிசல் மட்டும் போய்விட்டது. நுண்ணோக்கியில் பெரும்பாலானவை தனித்தனியாகவோ இரண்டு மூன்றாகவோ தெரிந்தன.

வீழ்ச்சி 2 மடங்குக்கும் கீழே இறங்கியது. நாளுக்கு நாள் வரும் மாறுபாட்டிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. எதிர்ப்பொருள் பயனற்றது என்று முடித்துவிடும் பேச்சும் எழுந்தது.

மையவிலக்கு மறைத்தது

அந்த முடிவைத் தள்ளிப்போட்டது ஓர் எளிய பார்வை. எதிர்ப்பொருள் சேர்த்த பாக்டீரியாவின் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து உயிரோடு பார்த்தபோது, சில நிமிடங்களில் நீச்சல் நின்றிருந்தது. அவை திரளவில்லை, சாகவில்லை, ஆனால் ஓடவில்லை. கட்டுப்பாட்டுத் துளியில் பார்வைப் புலத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஓடின.

நீச்சலை நிறுத்துவதுதான் இந்த எதிர்ப்பொருளின் முதன்மை வேலை என்றால், மையவிலக்குச் சோதனையில் அது தெரியவே தெரியாது. நீந்த முடியாத பாக்டீரியாவை மையவிலக்கே சுமந்துபோய்ச் செல்மேல் வைத்துவிடுகிறது. தொற்றை ஒரே நேரத்தில் தொடங்க வைப்பதற்காகச் சேர்த்த படி, அளக்க வேண்டிய விளைவையே அழித்திருந்தது.

மையவிலக்கை விட்டுவிட்டனர். கட்டுப்பாட்டு நுழைவு 0.9%-லிருந்து 0.3%-க்கு இறங்கியது. அது எதிர்பார்த்ததே. ஆனால் பழைய 100 மடங்கு நீர்த்தலில் 15 காலனிகளே வந்தன. 30-க்குக் கீழே உள்ள எண்ணிக்கையை நம்ப முடியாது. எனவே கட்டுப்பாட்டுக்கு 10 மடங்கு நீர்த்தல், எதிர்ப்பொருள் கிண்ணங்களுக்கு நீர்க்காத கரைசல் என்று மாற்றினர். ஒவ்வொன்றிலும் சுமார் 150 காலனிகள் கிடைத்தன: கட்டுப்பாட்டில் 15,000, எதிர்ப்பொருளில் 1,500. பத்து மடங்கு வீழ்ச்சி, இந்த முறை காரணம் தெரிந்த வீழ்ச்சி. தனித்தனி வளர்ப்புகளோடு மூன்று வெவ்வேறு நாள்களில் செய்து, நாளையே மாதிரி எண்ணாகக் கொண்டனர். ஒரே நாளின் மூன்று கிண்ணங்களை மூன்று சோதனை என்று எண்ணுவது இத்துறையில் பரவலாக நடக்கும் பிழை.

இரண்டு கசையிழைப் புரத மரபணுக்களும் நீக்கப்பட்ட, நீந்தாத வகையை மையவிலக்கோடு சோதித்தபோது எதிர்ப்பொருள் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. நீச்சல் என்ற விளக்கத்துக்கு அது துணை நின்றது.

மற்றக் கட்டுப்பாடுகள்

நுழைவுக் கருவியின் இன்வ்-ஏ மரபணு நீக்கப்பட்ட, நுழைய முடியாத பாக்டீரியா முதல் சுற்றுக்குப் பின் ஒவ்வொரு தட்டிலும் இருந்தது. சோதனையின் அடித்தளம் எங்கே என்று அது காட்டும். அதைவிடக் கீழே போகும் எந்த எண்ணும் ஐயத்துக்குரியது. முதல் சுற்றிலும் அது தட்டில் இருந்திருந்தால் ஏதோ தவறு என்பது அன்றே தெரிந்திருக்கலாம்.

செல்களே இல்லாத கிண்ணத்திலும் முழுச் சோதனையையும் ஓட்டினர். ஜென்டாமைசினுக்குப் பின் அங்கே காலனி எதுவும் வரக்கூடாது. அடர்த்தியான முன்கலப்பில் சில வந்தன: திரளின் நடுவிலிருந்தவை மருந்துக்குத் தப்பியிருந்தன. மருந்தின் செறிவைக் கூட்டலாம் என்ற யோசனையைக் கைவிட்டனர். செறிவும் நேரமும் கூடக் கூட மருந்து செல்லுக்குள்ளும் கசியும். அடர்த்தியைக் குறைத்த பிறகு இந்தச் சிக்கல் தானே மறைந்தது.

செல் அடுக்கின் மின்தடையைத் தொற்றுக்கு முன்னும் பின்னும் அளந்தனர். எதிர்ப்பொருள் கரைசல் செல்களின் இணைப்பைத் தளர்த்தவில்லை என்பது உறுதியானது.

எதிர்ப்பொருள் பற்றும் குறியைச் சரிபார்க்க, ஓ5-இன் அசிடைல் தொகுதியைச் சேர்க்கும் ஓஏஎஃப்-ஏ மரபணு மட்டும் நீக்கப்பட்ட வகையைப் பயன்படுத்தினர். அது நன்றாக நீந்தியது, நன்றாக நுழைந்தது, எதிர்ப்பொருளைக் கண்டுகொள்ளவில்லை. எதிர்ப்பொருள் குறிப்பாக ஓ5 வழியே வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று. அதன் பலவீனமும் இதுவே. ஒரே ஒரு மரபணு அணைந்தால் பாக்டீரியா தப்பிவிடும்; ஓ5 இல்லாத டைஃபிமூரியம் வகைகள் இயற்கையிலும் உண்டு.

ஒரு கையா, பல கைகளா

பற்றுவது மட்டும் போதுமா, பிணைக்கவும் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அதே பற்றும் பகுதியை இரு கைகளுள்ள ஐஜிஜி எதிர்ப்பொருள் வடிவில் உருவாக்கி, பப்பாயின் நொதியால் வெட்டி ஒற்றைக் கை எஃப்ஏபி துண்டுகளைப் பெற்றனர். வெட்டும் கரைசலில் ஈடிடிஏ இருக்கும். அதை நீக்காமல் காக்கோ-2 மேல் ஊற்றினால் கால்சியத்தை உறிஞ்சி, செல்களின் இணைப்பைக் கழற்றிவிடும். வெட்டுப்படாத முழு ஐஜிஜியும் எஞ்சக்கூடாது. ஒடுக்கி சேர்க்காத ஜெல்லில் 150 கிலோடால்டன் பட்டை மறைந்து, 50 அருகே மட்டும் பட்டை தெரியும்வரை, முழு ஐஜிஜியைப் பிடித்துக்கொள்ளும் புரோட்டீன்-ஏ வழியே அனுப்பினர்.

எஃப்ஏபி பாக்டீரியாவைப் பற்றியது. ஆனால் நீச்சல் நிற்கவில்லை, நுழைவும் குறையவில்லை. செறிவைப் பத்து மடங்கு கூட்டியும் மாற்றமில்லை. ஆகவே இந்த எதிர்ப்பொருளுக்குக் குறுக்கே பிணைக்கும் கைகள் தேவை. பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஓ-சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுவதன் மூலமே அது வேலை செய்கிறது என்று கொள்ள இடமுண்டு. இன்டர்னலினைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஏற்பியைத் தொடும் இடத்தை ஒற்றைக் கையே மறைத்துவிடும். ஒட்டக இனத்தின் சிறிய ஒற்றைப் பகுதி எதிர்ப்பொருள்கள் அங்கே பயன்படுவது அதனால்தான்.

ஒளிர்படச் சோதனையில் ஒரு பொறி

காலனி எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், உள்ளே இருப்பவற்றையும் வெளியே நிற்பவற்றையும் கண்ணாலும் பிரித்துப் பார்க்க முயன்றனர். பச்சை ஒளிர் புரதம் உள்ள பாக்டீரியா. செல்சவ்வைத் துளைக்காமல், வெளியே நிற்பவற்றுக்கு மட்டும் சிவப்புச் சாயம். பச்சை மட்டும் தெரிந்தால் உள்ளே, இரண்டும் தெரிந்தால் வெளியே.

முதல் படங்கள் தலைகீழாக இருந்தன: எதிர்ப்பொருள் சேர்த்த கிண்ணத்தில் "உள்ளே" கூடியிருந்தது. சாயம் பூசப் பயன்படுத்திய முயல் எதிர்ப்பொருளும் ஓ-சங்கிலியையே பற்றுவது. சோதனை ஐஜிஏ ஏற்கெனவே அந்த இடத்தை அடைத்துக்கொண்டதால் வெளியே நின்றவை சிவப்பாகவில்லை; அவை உள்ளே போனவையாக எண்ணப்பட்டன.

இதற்கு எடுத்த தீர்வு எளிமையானது. 4% பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய பின், எல்லாக் கிண்ணங்களிலும், கட்டுப்பாட்டிலும்கூட, அதே ஓ5 ஐஜிஏவை நிறைவான அளவில் ஊற்றினர். பிறகு எலி ஐஜிஏவைப் பற்றும் சிவப்புச் சாயம். இப்போது வெளியே நிற்கும் எல்லாம் சமமாகச் சிவந்தன. மெத்தனாலால் நிலைப்படுத்தக் கூடாது. அது சவ்வைத் திறந்துவிடும். திருத்திய படங்கள் காலனிக் கணக்கோடு ஒத்துப்போயின.

விளைவு

முதல் வாரத்தில் எழுத இருந்தது "நுழைவை நூறு மடங்கு தடுக்கும் எதிர்ப்பொருள்". கடைசியில் எழுதியது இது: தனித்து நீந்தும் பாக்டீரியாவின் நுழைவைச் சுமார் பத்து மடங்கு குறைக்கிறது, பெரும்பகுதி நீச்சலை நிறுத்துவதால், பல கைகள் தேவை, ஓ5 இல்லாதவற்றில் பயனில்லை. சளிப்படலம் இல்லாத காக்கோ-2 அடுக்கில் மட்டுமே இது காணப்பட்டது என்ற வரியையும் சேர்த்தனர். குடலில் பாக்டீரியா சளியைக் கடந்துதான் செல்லை அடைகிறது. நீச்சலை நிறுத்தும் எதிர்ப்பொருளுக்கு அங்கே மதிப்பு கூடலாம் என்பதால், சளி சுரக்கும் ஹெச்டி-29-எம்டிஎக்ஸ் செல்களைக் கலந்து வளர்த்த அடுக்கை அடுத்த கட்டமாக வைத்தனர்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

எதிர்ப்பொருள் வந்த அன்றே ஊறவைத்துக் கரைசலை மாற்றுவது. தரவுத்தாளை மாதக் கடைசியில் அல்ல, குப்பியைத் திறக்கும் முன்பே படிப்பது. இன்வ்-ஏ நீக்கமும் வெறும் கரைசல் கிண்ணமும் முதல் தட்டிலிருந்தே இருக்க வேண்டும். மையவிலக்கோடும் இல்லாமலும் என்று இரண்டு வரிசைகளை முதல் நாளே ஓட்டியிருந்தால், எதிர்ப்பொருளைத் தூக்கிப்போடும் பேச்சே வந்திருக்காது. ஐந்து நிமிட வேலையான அந்த நுண்ணோக்கித் துளியை ஆறு வாரத்துக்குப் பிறகு அல்ல, தட்டில் ஒரு காலனியை எண்ணும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஆய்வகத்தில் இப்போது ஒவ்வொரு எதிர்ப்பொருள் குப்பியின் மேலும் மூன்று விவரங்கள் எழுதப்படுகின்றன: கரைசலின் பெயர், அசைடு உண்டா இல்லையா, கடைசியாக ஊறவைத்த நாள்.